மேலக்குடிக்கு நெருப்பு கொண்டுபோன ஷோகோ

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் கலைவதற்குள் தண்டோராக்காரன் கோயில் படியில் ஏறி நின்றுகொண்டான். அவன் அப்படி ஏறி நின்றால் நல்ல சேதி வராது. ஒன்று புது வரி, இல்லாவிட்டால் எங்கேயோ கட்டும் பாலத்துக்கு ஆள் கேட்பார்கள். அன்றைக்கு இரண்டும் இல்லை. மலைச்சரிவில் மேலக்குடி என்று அழைக்கப்படும் நிலம் ஆளில்லாமல் தரிசாகக் கிடப்பதாகவும், புவெப்லா நகரத்துக் கனவான் ஒருவர் அதை ஆட்டுப்பண்ணை வைக்கக் கேட்டிருப்பதாகவும், மறுப்பு உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்றும், மழை மாதத்தில் வரும் சந்தியாகோ திருநாள் கழிந்ததும் நீதிபதி நேரில் வந்து பார்த்துத் தீர்ப்பு சொல்வார் என்றும் அவன் கத்தினான்.

கூட்டத்தில் எல்லாரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரிய நோய் வந்துபோன பிறகு அந்த ஊருக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது.

"ஆளில்லாத நிலமா?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "அப்ப நான் யாரு, பேயா?"

முட்டைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்ற ஷோகோதான். இரண்டு பேர் சிரித்தார்கள். தண்டோராக்காரன் பக்கத்தில் இருந்த எழுத்தரைப் பார்த்தான், எழுத்தர் அவளைப் பார்த்தார்.

"இது மறுப்பா?"

"மறுப்பு இல்லீங்க, கேள்வி."

"கேள்வியெல்லாம் எழுத முடியாதும்மா. மறுப்புன்னா சொல்லு, இல்லேன்னா நகரு."

"சரி, மறுப்புன்னே எழுதிக்குங்க. கேள்விய நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

இப்படித்தான் மக்தலேனா ஷோகோவின் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. ஷோகோ என்றால் அந்த மலை ஜனங்களின் பேச்சில் கடைக்குட்டிப் பெண். மக்தலேனா என்பது சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர், அதைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. நாற்பதைத் தாண்டியவள், நரை ஓடிய தலை, இருந்தாலும் கடைக்குட்டிதான். அவளுக்கு மூத்த நான்கு அக்காமாரும் மேலக்குடியில்தான் வாழ்க்கைப்பட்டார்கள், மேலக்குடியில்தான் செத்தார்கள்.

பெரிய நோயைப் பற்றி அந்த ஊரில் யாரும் நிறையப் பேசுவதில்லை. காய்ச்சல், மூக்கிலும் காதிலும் ரத்தம், அப்புறம் போர்வை. நீலப்பாவாடைக்காரி என்று அவர்கள் அழைக்கும் மலையின் சரிவில், மேலக்குடியில் இருந்த இருபது சொச்சம் வீடுகளில் ஒரு வீடுகூடத் தப்பவில்லை. ஷோகோவின் புருஷன் போனான், மூத்தவன் போனான், அடுத்த வாரம் இளையவனும் போனான். பிழைத்தவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கோயிலைச் சுற்றிக் குடிசை போட்டுக்கொண்டார்கள். செத்தவர்கள் வீட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஷோகோ மட்டும் இறங்கவில்லை. ஏன் என்று சாமியார் கேட்டதற்கு, "என் கோழிங்களுக்குக் கீழ ஊரு ஒத்துக்காது சாமி" என்றாள். உண்மை அதுவல்ல. புருஷனும் பிள்ளைகளும் படுத்த இடத்தை விட்டு இறங்க அவளுக்குக் கால் வரவில்லை.

ஆனால் கோழி விஷயமும் பொய்யில்லை. கடல் தாண்டி வந்ததெல்லாம் கெட்டது என்று ஷோகோ சொல்ல மாட்டாள். நோய் வந்தது, ஆடு வந்தது, வரி வந்தது, சரி. கோழியும் வந்ததே. அவர்களுக்கு வான்கோழிதான் பழக்கம். அது பருவத்துக்கு முட்டையிட்டுவிட்டு மீதி நாளெல்லாம் ஜமீன்தார் மாதிரி நடக்கும். துரைமார் நாடான கஸ்தீலியாவிலிருந்து வந்த இந்தச் சின்னக் கோழியோ நாள் தவறாமல் முட்டையிட்டது. வாரச் சந்தையில் ஷோகோவின் முட்டைக்குச் சாமியார் வீட்டுச் சமையல்காரியும் வருவாள், துரைமார் வீட்டு வேலைக்காரியும் வருவாள். தனி மனுஷியாக அவள் வரி கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தது அந்தக் கோழிகளால்தான்.

ஊர்த்தலைவர் தோன் கிரிஸ்தோபல் அன்றைக்குச் சாயங்காலமே அவளைக் கூப்பிட்டனுப்பினார். பழைய பிரபு வம்சம், கையில் வெள்ளிப்பூண் போட்ட கோல், மனசில் எப்போதும் ஒரு நடுக்கம். நல்லவர்தான். ஆனால் துரை ஒருவன் தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும்.

"ஏம்மா ஷோகோ, யாரைக் கேட்டு வாயைத் தொறந்தே?"

"நீங்க தொறப்பீங்கன்னு பார்த்தேன் தலைவரே. உங்களுக்குப் பல்லு வலியோ என்னவோன்னு நானே தொறந்துட்டேன்."

அவர் கோபப்பட நினைத்து முடியாமல் பெருமூச்சு விட்டார். "நீதிபதி வந்து என்ன பார்ப்பாரு தெரியுமா? எத்தனை கூரையில புகை வருதுன்னு பார்ப்பாரு. உன் ஒரு வீட்டுப் புகை. ஒரு வீட்டை வச்சு ஊருன்னு நான் எப்படிச் சொல்ல? மேலக்குடி போச்சுன்னா போகட்டும். இருக்கிறதையாவது காப்பாத்திக்குவோம்."

"மேல ஆட்டை விட்டா அது மேலயே நிக்குமா? அடுத்த வருஷம் உங்க அவரைக்கொடியில வாயை வைக்கும். அப்ப எதைக் காப்பாத்துவீங்க?"

தலைவர் கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். புகை வந்தால் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

புகை வந்தால் பார்ப்போம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஷோகோ கீழூரில் வீடு வீடாகப் போனாள். மேலக்குடிக்காரர்கள் எல்லாரையும் பார்த்தாள். விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, மேலே வாருங்கள், உங்கள் வீட்டில் நீங்கள் இருங்கள், உங்கள் நிலத்தில் நீங்கள் விதையுங்கள் என்றாள். ஒருவரும் வரவில்லை. செத்தவர்கள் வீட்டில் எப்படி அடுப்பு மூட்டுவது? அங்கே படுத்தால் யார் யார் கனவில் வருவார்களோ? நோய் அந்தச் சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால்?

அவளுடைய சிநேகிதி இனேஸ் த்லாகோதான் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினாள். இனேஸின் அண்ணன் வீடு மேலக்குடியில் ஷோகோ வீட்டுக்கு அடுத்த வீடு. "எங்க அண்ணன் அந்த வாசப்படியில விழுந்து கிடந்தான். அதைத் தாண்டி உள்ள போயி நான் ரொட்டி சுடணுமா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் கோழிக்குப் போட்டுட்டியா?"

"எனக்கு மூணு பேரு கிடந்தாங்கடி. நான் அங்கதான் ரொட்டி சுடறேன்."

"நீ கல்லுடி. எல்லாரும் கல்லா?"

ஷோகோ திரும்பி மேலே நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை என்பதால் கல் என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் அவள் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது? துணிச்சல் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது பைத்தியம் என்றார்கள். தன் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு சட்டியில் நெருப்பு எடுத்துக்கொண்டு முதலில் தன் மூத்த அக்காள் வீட்டுக்குள் போனாள். கூரை பாதி சரிந்திருந்தது. மூன்று அடுப்புக் கற்களும் அப்படியே நின்றன. அவர்கள் வழக்கத்தில் அடுப்புக் கல்லைக் காலால் தட்டக்கூடாது, முதுகு காட்டி உட்காரக்கூடாது, வீட்டுக்கு மூத்தது அதுதான். ஷோகோ கற்களின் மேலிருந்த குப்பையைக் கையால் தள்ளினாள். கை நடுங்கியது. அக்காளின் அம்மி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது, அதன் குழவியில் அக்காள் கைபட்டுத் தேய்ந்த பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். "அக்கா, கோச்சுக்காதே, ஆட்டுக்காரன் வர்றான்" என்று உரக்கச் சொல்லிவிட்டு நெருப்பை வைத்து ஊதினாள்.

ஒன்றும் ஆகவில்லை. பேயும் வரவில்லை, காய்ச்சலும் வரவில்லை. சிலந்தி ஒன்று கூரையிலிருந்து இறங்கி ஓடியது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் ஒரு வீட்டைப் பிடித்தாள். பெருக்குவாள், மெழுகுவாள், அடுப்பு மூட்டுவாள், அந்த அடுப்பிலேயே ரொட்டி சுட்டுத் தின்பாள். அப்புறம் ஏற்கெனவே மூட்டிய வீடுகளுக்குப் போய் விறகு வைத்துவிட்டு வருவாள். கீழூரிலிருந்து பார்த்தால் சரிவில் ஒரு புகை இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்களெல்லாம் அண்ணாந்து பார்த்து, அது யார் வீடு, இது யார் வீடு என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலையில் இனேஸ் மூச்சு வாங்க மேலே வந்து தன் அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். முகம் மிளகாய் மாதிரி சிவந்திருந்தது.

"எங்க அண்ணன் அடுப்புல நெருப்பு வைக்க நீ யாருடி?"

ஷோகோ குழவியை நிறுத்தாமல் அரைத்துக்கொண்டே சொன்னாள். "உங்க அண்ணனுக்கு நான் யாரும் இல்ல. அதான் அடுப்பு சரியாப் புடிக்க மாட்டேங்குது. புகையாப் புகையுது பாரு."

"புகையாம என்ன செய்யும்? பச்சை விறகை வச்சிருக்கே. அந்த மூணாவது கல்லு எப்பவும் உள்ள சாயும், எங்க அண்ணி ஓட்டுச் சில்லு வச்சு முட்டுக் கொடுப்பா. தள்ளு!"

இனேஸ் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். தாண்டினதே அவளுக்குத் தெரியவில்லை. சில்லு தேடி, கல்லை நிமிர்த்தி, விறகை இழுத்துப் போட்டு, ஊதி, ஜ்வாலை வந்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது. அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஷோகோ அரைப்பதை விட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கல்லும் சேர்ந்து அழுதன. அழுது முடித்து ரொட்டி தின்றார்கள்.

"அது சரி, என் அண்ணி மாவரைச்சா இதைவிட நைசா இருக்கும்" என்றாள் இனேஸ், வாய் நிறைய ரொட்டியோடு.

"நாளைக்கு நீ வந்து அரை."

அவள் வந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாரும் குடியேற வரவில்லை, எல்லாரும் சண்டை போடத்தான் வந்தார்கள். என் மாமியார் வீட்டுக்குள் எவள் போனது, என் தங்கச்சி அம்மியில் எவள் கைவைத்தது என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள், அடுப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். மறுநாள் அது அணைந்துவிட்டதா என்று பார்க்க வந்தார்கள். அதற்கடுத்த நாள் பாயைக் கொண்டு வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிட்டால் வராத ஜனம், தன் வீட்டு அடுப்பை இன்னொருத்தி ஊதுகிறாள் என்றால் பொறுக்குமா? ஷோகோ இதை யோசித்துச் செய்தாளா என்று இன்றைக்கும் ஊரில் வாதம் உண்டு. இல்லை என்பதுதான் என் கட்சி. யோசித்துச் செய்கிறவள் தன் அக்காள் வீட்டில் அப்படி நடுங்கியிருக்க மாட்டாள்.

பெண்கள் வந்த பின்னால் ஆண்கள் என்ன செய்வார்கள்? ரொட்டி எங்கே சுடுகிறதோ அங்கே வந்தார்கள். தோண்டுகோலோடு வந்து, ஆனைக்கற்றாழை வரிசைகளுக்கு நடுவே புதர் மண்டிய நிலத்தைக் கிளறி, சோளமும் அவரையும் பூசணியும் சேர்த்து விதைத்தார்கள். மழை பொய்க்கவில்லை. வீட்டுக்கு வீடு ஷோகோ ஒரு பெட்டையும் குஞ்சுகளும் கொடுத்தாள். சும்மா கொடுக்கவில்லை, "முதல் அடை முட்டையில பாதி எனக்கு" என்று பேசித்தான் கொடுத்தாள். அவளும் பிழைக்க வேண்டாமா?

ஆட்டுப்பண்ணைக் கனவானை அந்த ஊரில் யாரும் கண்ணால் கண்டதில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய மேற்பார்வைக்காரன் பெர்மூதேஸ் குதிரையில் வருவான். ஊர்ப் பேச்சு அவனுக்கு நன்றாக வரும், வசவு இன்னும் நன்றாக வரும். ஒரு நாள் கற்றாழை வரிசைக்கு அந்தப் புறம் மந்தையை நிறுத்திவிட்டு ஷோகோவைக் கூப்பிட்டான்.

"ஏ முட்டைக்காரி! பொணத்து வீட்டுல நாடகம் போடறியாமே? நீதிபதி என்ன குருடரா? இன்னிக்கு அடுப்பு மூட்டுவே, அவர் போனதும் எல்லாம் கீழ ஓடிடுவீங்க."

"நாங்க ஓட மாட்டோம் துரை. உங்க ஆடுதான் ஓடும். அதுக்குக் கால் நாலு."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே நாலைந்து ஆடுகளை வரிசைக்குள் விட்டுவிட்டுப் போனான். முழங்கால் உயரம் வந்த சோளம் ஒரு மூலையில் மொட்டையாகிவிட்டது. அன்றைக்கு ஷோகோவுக்குத் தூக்கமே இல்லை. ஆட்டின் மேல் கோபமில்லை, அது தின்னப் பிறந்தது. நீதிபதியும் துரை, மேற்பார்வைக்காரனும் துரை, கனவானும் துரை. ஒரே தட்டில் தின்கிறவர்கள் நமக்காக எதற்குப் பேசுவார்கள் என்ற பயம்தான் அவளைத் தின்றது.

சந்தியாகோ திருநாள் போன மறு வாரம் நீதிபதி மல்தொனாதோ கழுதை மேல் வந்து சேர்ந்தார். குதிரையில் வருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். பருத்த உடம்பு, வெயிலில் உரிந்த மூக்கு, முழங்கால் வலி. கூடவே எழுத்தரும், இரண்டு பேச்சும் தெரிந்த துபாஷி லூக்காஸும் வந்தார்கள். தோன் கிரிஸ்தோபல் பூச்செண்டு கொடுத்தார். ஷோகோவைப் பார்த்துக் கண்ணால் ஒரு சாடை காட்டினார். புகை வந்துவிட்டது, பார்த்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

சரிவில் ஏறி வரும்போதே நீதிபதி நின்று அண்ணாந்து பார்த்தார். இருபது சொச்சம் கூரைகளிலும் புகை நேராக எழும்பி நின்றது. கூட ஏறி வந்த ஷோகோவும் நின்றாள். நோய்க்குப் பிறகு அத்தனை புகையையும் ஒருசேரக் கீழேயிருந்து அவளும் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

நீதிபதி வீடு வீடாக நுழைந்தார். சட்டிகளின் மூடியைத் திறந்து பார்த்தார், பாயைத் தூக்கிப் பார்த்தார், இடுப்பு உயரச் சோளத்துக்குள் நடந்தார். பெர்மூதேஸ் ஒட்டிக்கொண்டே வந்தான்.

"ஐயா, இதெல்லாம் ஜோடனை" என்றான். "நேத்து வரைக்கும் இங்க காக்கா கூடக் கிடையாது. கீழூர்லேர்ந்து பாயும் சட்டியும் கடன் வாங்கிட்டு வந்திருக்காங்க. சோளம் விதைச்சா ஆச்சா? தூரத்துல இருந்துகிட்டே விதைக்கலாமே. அதுக்குக் குடியிருக்கிறதா அர்த்தமா?"

துபாஷி அதைத் திருப்பிச் சொன்னதும் பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். "கடன் வாங்கின சட்டியா? உன் தலையில கவுத்துவேன், அப்ப தெரியும் யார் சட்டின்னு!" என்றாள் இனேஸ்.

"இதையும் சொல்லணுமா?" என்று லூக்காஸ் கேட்டான்.

"முதல்ல அதைச் சொல்லு."

நீதிபதி இன்னொரு சட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. இப்படி ஜோடித்துக் காட்டிய ஊர்களை அவர் வேறெங்கோ பார்த்திருப்பார். எழுத்தர் எழுதும் இறகை மையில் நனைக்காமலே வைத்திருந்தார்.  இத்தனை நாள் ஊதி ஊதி வளர்த்ததை ஒரே ஒரு சொல்லில் இவன் அணைத்துவிட்டானே என்று ஷோகோவுக்குப் பற்றி எரிந்தது. "என்ன சொன்னா நம்புவாருன்னு கேளு லூக்காஸ்" என்றாள். நீதிபதி தோளைக் குலுக்கினார்.

அந்த நேரத்தில் மலை இருண்டு மழை கொட்டியது. மேலக்குடியில் அந்த மாதத்தில் பிற்பகலானால் மழை வராமல் இருந்தால்தான் அதிசயம். நீதிபதியை, இனேஸ் இப்போது குடியிருக்கும் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். ஷோகோ சோளமடலில் பொதிந்து அவித்த கொழுக்கட்டையும் அவரையும் கொண்டு வந்து வைத்தாள். அவர் ஒன்றைப் பிரித்துத் தின்றார், இரண்டாவதையும் எடுத்தார். பெர்மூதேஸ் எதையும் தொடவில்லை.

மழை விட்டபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கோழி அடையும் நேரம். காடு கழனியெல்லாம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள், மழைக்குக் கற்றாழை அடியில் ஒடுங்கியிருந்தவை, சிறகை உதறிக்கொண்டு புறப்பட்டன. எல்லாம் ஷோகோவின் வம்சம், எல்லாம் ஒரே செம்புள்ளி. முதலில் ஒரே கூட்டமாக வந்தன. ஒற்றையடிப் பாதையில் வந்ததும் பிரிந்தன. இரண்டு கோழி இந்த வாசலுக்கு, ஐந்து அந்தக் கூரைக்கு, சேவல் ஒன்று வேலி மேல் ஏறி நின்று யோசித்துவிட்டு அதன் வீட்டு இறவாணத்துக்கு. ஒரு பெட்டை, குஞ்சுகளோடு நேராக நீதிபதியை நோக்கி வந்தது. அவர் கால்களைப் பார்த்தது, சுற்றிக்கொண்டு போக மனசில்லாமல் பூட்ஸின் மேலேயே ஏறி இறங்கி, உள்ளே இனேஸின் அடுப்புக்குப் பின்னால் போய் அடைந்தது. குஞ்சுகளும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின.

நீதிபதி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடலுக்கு அப்பால் அவர் பிறந்த வீடும் கோழி வளர்த்த வீடுதான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? சிரிப்பை அடக்கிக்கொண்டு பெர்மூதேஸிடம் ஏதோ கேட்டார். அவன் தன் குதிரையைத் தேடிப் போனான்.

"என்ன சொல்றாரு, என்ன சொல்றாரு?" என்று எல்லாரும் லூக்காஸைப் பிடுங்கினார்கள்.

"கோழியும் கடன் வாங்கினதான்னு கேக்கறாரு. நேத்துக் கொண்டாந்த கோழி சாயங்காலம் ஆனா பழைய வீட்டைத் தேடிக் கத்திக்கிட்டுத் திரியும், இதுங்க எல்லாம் யாரும் கூப்பிடாம அது அது வீட்டுக்குப் போயிடுச்சே, இதுக்கு என்ன சொல்றேன்னு கேக்கறாரு. ஆளைப் பொய் சொல்லப் பழக்கலாமாம், கோழியப் பழக்க அவங்க அம்மாவாலயே முடியலையாம்."

எழுத்தர் இறகை நனைத்தார்.

சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தோன் கிரிஸ்தோபல் கோலைத் தரையில் தட்டித் தட்டி என்னவோ பேச முயன்று, முடியாமல், பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டார்.  ஷோகோ ஈரத் தரையிலேயே உட்கார்ந்து கொழுக்கட்டை ஒன்றைப் பிரித்துத் தின்றாள். 

மறுநாள் காலையில் நிலத்தைக் கையில் ஒப்படைக்கும் சடங்கு. கனவானின் மனு தள்ளுபடி, மேலக்குடி மேலக்குடிக்காரர்களுக்கே என்று எழுத்தர் வாசித்தார். தோன் கிரிஸ்தோபல் புதுப் போர்வை போட்டுக்கொண்டு முன்னால் வந்து கையை நீட்டினார். நீதிபதி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, மறுப்புச் சொன்னது யார் என்று காகிதத்தில் தேடினார். தலைவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதே கையால் ஷோகோவைப் பிடித்து முன்னால் தள்ளினார். அவர் வாழ்க்கையில் செய்த தைரியமான காரியம் அதுதான் என்று ஊரில் சொல்வார்கள்.

நீதிபதி ஷோகோவின் கையைப் பிடித்து அவள் சோளக்காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார். ஊரே பின்னால் வந்தது. கற்றாழை வரிசைக்கு அந்தப் புறம் பெர்மூதேஸ் தன் மந்தையைத் திருப்பிக்கொண்டு போகக் கிளம்பியிருந்தான்.

"புல்லைப் பிடுங்கச் சொல்றாரு" என்றான் லூக்காஸ். "நிலம் உன்னுதுன்னு அடையாளத்துக்கு."

ஷோகோ குனிந்து புல்லைப் பிடுங்கினாள். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வரப்பில் போட்டாள். அடுத்ததைப் பிடுங்கினாள். அதற்கடுத்ததையும். நீதிபதி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு இருமினார்.

"போதும், ஒரு பிடி போதும். இது களையெடுப்பு இல்ல, சடங்கு" என்றான் லூக்காஸ்.

"வந்தது வந்தோம், பாதியில விடணுமா? சரி, அப்புறம்?"

"இப்ப ஒரு கல்லை எடுத்து நிலத்துல எறி."

ஷோகோ நிமிர்ந்தாள். "எங்க?"

"உன் நிலத்துல. இங்கதான்."

"என் நிலத்துலயா?" அவள் குரல் உயர்ந்தது. "ஏய் லூக்காஸ், நீ சரியாத்தான் சொல்றியா? இந்த நிலத்துல கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி என் மாமியாருக்கு முதுகு கூனிச்சு. அப்புறம் எனக்குக் கூனப் போகுது. பொறுக்கின கல்லை நானே உள்ள எறியவா? எந்தக் கிறுக்கனாவது தன் வயலுக்குள்ள கல்லெறிவானா?"

லூக்காஸ் இதை எப்படிச் சொன்னானோ, நீதிபதி கையை விரித்தார். அவர்கள் நாட்டில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தானாம். கல்லெறிந்தால்தான் எழுத்தர் எழுத முடியும். எழுதினால்தான் நிலம்.

ஷோகோ யோசித்தாள். பின்பு காலடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள், உள்ளங்கையில் எடை பார்த்தாள், விறுவிறுவென்று கற்றாழை வரிசைக்கு நடந்தாள். அங்கே நின்று, தோளைப் பின்னுக்கு இழுத்து, பலங்கொண்ட மட்டும் அந்தப் புறம் வீசினாள். கல் மந்தையின் முன்னால் போன கிடாயின் காலடியில் போய் விழுந்தது. கிடாய் துள்ளித் திரும்பியது, அதைப் பார்த்து மந்தை முழுவதும் சரிவில் இறங்கி ஓட்டம் பிடித்தது. பெர்மூதேஸ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வசவோடு பின்னால் ஓடினான்.

எழுத்தர் என்ன எழுதுவது என்று நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வையா, சிரிப்பில் வந்த கண்ணீரா தெரியாது.

"வழக்கப்படி கல்லெறிந்தாள்னு எழுதச் சொல்லிட்டாரு" என்றான் லூக்காஸ். ஷோகோ அதற்குள் அடுத்த கல்லை எடுத்துவிட்டிருந்தாள். இனேஸும் ஒன்றை எடுத்திருந்தாள், பின்னால் நின்ற பெண்கள் அவரவர் நிலத்துக்குள் குனிய ஆரம்பித்திருந்தார்கள். "ஷோகோக்கா, போதும்! சட்டத்துக்கு ஒரு கல்லு போதுமாம்!" என்று லூக்காஸ் கத்தினான்.

"அவருக்குப் போதும்" என்றாள் ஷோகோ, கையை ஓங்கிக்கொண்டு. "எனக்கு வயல் பூராக் கல்லு கிடக்கு."